எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு: பந்தியும் நோன்பும் மாத்திரை டப்பாவும்

வலிமா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு துண்டு கறியை மட்டும் மெதுவாக மென்று தின்றுவிட்டு, பிரியாணிச் சோற்றைத் தொடாமல் எழுந்தால் நாம் சும்மா விடுவதில்லை. "என்ன பாய், சாப்பாடு நல்லா இல்லையா?" என்று கேட்போம். இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிப் பரிமாறுபவரைக் கூப்பிடுவோம். விருந்தோம்பல் நம் சுபாவம், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சகோதரர் ஆறு மாதத்துக்கு முன் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால், நாம் அன்போடு வைக்கும் அந்த ஒரு கரண்டி அவரைக் கை கழுவும் இடத்தில் வாந்தியெடுக்க வைத்துவிடும். காரணத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சம். நமக்கோ அது தெரியாது.

திருச்சியில் இந்தச் சிகிச்சை இப்போது புதிதல்ல. கோவைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று அவதிப்பட்டவர்களுக்கு இது பெரிய நிவாரணமாக அமைகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மேசையில் படுத்து எழுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு ஆயுள் முழுவதும் நடக்க வேண்டிய வேலை வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. இதை வீட்டார் அறியாவிட்டால் சிகிச்சை பாதியில் நின்றுவிடும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

உள்ளே என்ன மாறுகிறது?

நம் பகுதியில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டப்பட்டதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. மற்றொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு வழக்கமான பாதையின் முதல் பகுதியைத் தொடாமல் போகிறது. சத்து உறிஞ்சப்படுவதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

யாருக்குச் செய்வது என்பதற்குக் கணக்கு உண்டு. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 160 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 39. பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தாலும், 30க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோய்கள் கட்டுப்படாமல் இருந்தாலும் அறுவையை யோசிக்கலாம் என்று 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால் இந்த வரம்பு இன்னும் சற்றுக் கீழே வைக்கப்படுகிறது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் வரம்பு வேறு. 18 வயது நிறைந்து, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து அதோடு கடுமையான பக்க நோயும் இருக்க வேண்டும். மருத்துவர் 'செய்யலாம்' என்று சொன்னதாலேயே பணம் வந்துவிடாது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்யாணத்துக்கு முன் ஒல்லியாக வேண்டும் என்று மகளையோ மகனையோ அழைத்துப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். இது நோய்க்கான சிகிச்சை. அழகுக்காகச் செய்யும் காரியமல்ல. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. அந்த மருத்துவமனையின் பதிவும் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. தேர்ந்த இடங்களில் இச்சிகிச்சையின் ஆபத்து குறைவுதான். ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்குச் சிக்கல் வந்தால் யார் வருவார்கள், ஒரு வருடம் கழித்து வந்தாலும் பார்ப்பார்களா என்று கேட்காமல் தேதி வாங்கக் கூடாது.

எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த சகோதரி இமான் அஹ்மதைப் பலருக்கு நினைவிருக்கும். சுமார் 500 கிலோ எடையோடு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, 2017 மார்ச்சில் சைஃபி மருத்துவமனையில் ஸ்லீவ் செய்யப்பட்டார். எடை மளமளவென்று குறைந்த படங்களை ஊடகங்கள் கொண்டாடின. பிறகு அவரது குடும்பத்துக்கும் மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்து, அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பல நோய்கள் சேர்ந்த அரிதான நிலை அவருடையது. மற்றவர்களுக்கு அப்படி ஆகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறைந்த கிலோவை மட்டும் எண்ணிக் கைதட்டும் நம் பழக்கத்தை அந்தச் செய்தி காட்டிக்கொடுத்தது.

காவிரிக்கு இக்கரையும் அக்கரையும்

அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீராகாரம். பிறகு சுமார் இரண்டு வாரம் வரை பால், மோர், வடிகட்டிய சூப் போன்றவை. அடுத்து மிக்சியில் அரைத்த கூழ், அதன்பின் குழைந்த உணவு. ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் வழக்கமான சாப்பாடு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. தையல் ஆறும் முன் ஒரு பரோட்டாத் துண்டு போனாலும் விபரீதம்.

வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பாலக்கரையில் ஒரு வீட்டையும், காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீட்டையும் எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் கறி இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. இரண்டாவது வீட்டில் முட்டைகூட நுழையாது. இரண்டு வீட்டிலும் ஒருவர் ஸ்லீவ் செய்துகொண்டவர். இருவருக்கும் மருத்துவர் சொல்வது ஒன்றேதான்: ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம், அதில் புரதம் முதலில், காய் இரண்டாவது, இடம் மீதி இருந்தால் சோறு.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். பாலக்கரை வீட்டில் இரண்டு முட்டை, 100 கிராம் மீன், 50 கிராம் கோழி, ஒரு தம்ளர் பால், கொஞ்சம் தயிர், ஒரு கைப்பிடி சுண்டல் என்று நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிட்டால் கணக்கு நிறையும். ஸ்ரீரங்கத்து வீட்டில் தயிர்சாதத்தை நம்பினால் நிறையாது. பனீர் 100 கிராம், சோயா உருண்டை 50 கிராம், பால் இரண்டு தம்ளர், சுண்டல் ஒரு கிண்ணம் என்று யோசித்துப் போட வேண்டும். அவருக்கு பி12 பற்றாக்குறை வரும் வாய்ப்பும் அதிகம். பாலக்கரைக்காரருக்கு வேறு தொல்லை. 'கறி' என்று நாம் சொல்வதில் பாதி எண்ணெயும் கொழுப்பும். நெஞ்செலும்பு, குடல், பாயா என்று போனால் புரதத்தைவிடக் கொழுப்புதான் அதிகம் சேரும். மீனும் தோல் நீக்கிய கோழியும் நன்கு வெந்த கொத்துக்கறியும் ஒத்துக்கொள்ளும். நார் நாராக வரும் மாட்டிறைச்சியைப் பலரால் முதல் ஆண்டில் விழுங்கவே முடிவதில்லை.

இன்னொரு விதி நம்மில் பலருக்குப் புதிது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றாகப் பிரித்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி நமக்குத் தெரியும். இந்தச் சகோதரருக்கு மிஞ்சியிருக்கும் வயிறு அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்காது. உணவுக்கு ஒரு நேரமும் நீருக்கு ஒரு நேரமும் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிப்பு விஷயத்தில் குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அல்வா, பிர்னி, ரோஸ்மில்க் போன்றவை நேராகக் குடலுக்குள் கொட்டும்போது அரை மணிக்குள் வயிறு முறுக்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேதியாகும். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். இதில் பிந்திய வகை ஒன்றும் உண்டு. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும். வீட்டார் உடனே இன்னும் இனிப்பைக் கொடுத்துச் சமாளிப்பார்கள். அந்த நேரத்துக்கு அது தேவைதான். ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால் மருந்து இனிப்பல்ல, அதற்கு முந்தைய வேளைச் சாப்பாட்டை மாற்றுவதுதான்.

மாத்திரையை நிறுத்தியவர்கள்

எங்கு விசாரித்தாலும் ஒரே கதை. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள். எடை குறைகிறது, தெம்பு வருகிறது. 'இனி எதற்கு' என்று நிறுத்திவிடுகிறார்கள். உடலில் பி12 சேமிப்பு இருப்பதால் ஓராண்டு, இரண்டாண்டு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு பாதத்தில் மதமதப்பு, ஞாபகமறதி, சோகை, எலும்பு வலி என்று வரும்போது அதையும் அறுவையையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை.

பல்சத்து மாத்திரை, பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுளுக்கும் வேண்டும். கால்சியம் உணவோடு சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் வரை. வாயால் எடுக்கும் பி12 போதாதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். நம் வீடுகளில் காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே பிடியாகப் போட்டு டீயை ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை இங்கே மாற்றியாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது வைட்டமின் பி1, அதாவது தயமின். இதன் சேமிப்பு உடலில் சில வாரங்களுக்குத்தான் உண்டு. அறுவை முடிந்த முதல் மாதங்களில் ஒருவர் நாள்கணக்கில் வாந்தியெடுத்தால் அது தீர்ந்துவிடும். கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, விழி தானாக ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம். இதில் ஒரு பொறி உண்டு. வாந்தி என்றதும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போவோம். 'டிஹைட்ரேஷன்' என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள். பி1 தீர்ந்த உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகும். ஆகவே "இவருக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயமின் ஊசி போடுங்கள்" என்று கூட இருப்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அறுவை நடந்ததையே வீட்டாரிடம் மறைத்தவருக்கு அந்த நேரத்தில் இதை யார் சொல்வது?

முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, அடங்காத வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கேஸ் என்று சோடா கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். தையல் கசிவாகவோ நுரையீரலில் ரத்தக் கட்டியாகவோ இருக்கலாம். நேராக அறுவை செய்த இடத்துக்குப் போக வேண்டும்.

பழைய மருந்துகளும் பழைய அளவில் தொடரக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு அறுவை முடிந்த சில நாட்களிலேயே, எடை குறைவதற்கு முன்பே, சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழைய அளவு இன்சுலினையோ மாத்திரையையோ போட்டுக்கொண்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றினால் பலவீனம் என்று விடாமல் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரூஃபன் வகையறாக்கள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பில் புண்ணை உண்டாக்கும். பீடி, சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். பாராசிட்டமால்தான் பாதுகாப்பு. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேர்வதும் சகஜம். அதற்காக முதல் ஆறு மாதம் ஒரு மாத்திரை எழுதித் தருவார்கள். அதையும் விட்டுவிடக் கூடாது.

ஹலாலா என்ற கேள்வி

வைட்டமின் காப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். பழச்சுவை கம்மி மிட்டாய் வடிவில் வரும் சத்து மாத்திரைகளுக்கும் இதே நிலைதான். சந்தேகத்தில் மாத்திரையையே விட்டுவிடுவது தீர்வல்ல. மென்று தின்னும் மாத்திரை, பவுடர், திரவம், தாவர உறை கொண்ட காப்ஸ்யூல் ஆகியவை திருச்சி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. கேட்டு வாங்கினால் போதும்.

பலர் கேள்விப்படாத விஷயம் ஒன்று உண்டு. காலில் ரத்தம் உறையாமலிருக்க அறுவையைத் தொட்டு வயிற்றில் தோலுக்கடியில் போடும் ஊசி, பெரும்பாலும் எனாக்சாபரின், பன்றியின் குடலிலிருந்து தயாராவது. மூலப்பொருள் முற்றிலும் மாறிவிடுவதைக் கொண்டும், உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தைக் கொண்டும் அதை அனுமதிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். மாற்று கிடைத்தால் மாற்றையே நாட வேண்டும் என்பாரும் உண்டு. ஃபோண்டாபாரினக்ஸ் என்ற செயற்கை மருந்து இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. அறுவைக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடமும் உங்கள் ஆலிமிடமும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஊசியோடு நர்ஸ் வந்து நிற்கும்போது விவாதிக்கும் விஷயமல்ல அது. எந்தக் காரணம் கொண்டும் ஊசியே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள்.

ரமளான் வந்தால்

நம் சகோதரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. முதல் ஆண்டில் நோன்பு வேண்டாம் என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சிலர் ஒன்றரை ஆண்டு என்கிறார்கள். நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தருகின்றன. வேறு நாட்களில் களாச் செய்யலாம். 'எல்லோரும் நோற்கும்போது நான் மட்டுமா' என்ற வெட்கத்தில் உடலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கொடுக்கப்பட்ட சலுகையை எடுத்துக்கொள்வதில் குறையில்லை.

சிரமம் பசியில் இல்லை, தண்ணீரில். திருச்சியில் நோன்பு நேரம் 13 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மக்ரிபிலிருந்து ஃபஜ்ர் வரை மிஞ்சுவது சுமார் பத்தரை மணி நேரம். இவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது நீர் போக வேண்டும். ஒரு தடவைக்கு அரை தம்ளருக்கு மேல் இறங்காது. அதாவது பதினைந்து தடவை. சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் விட வேண்டும், தராவீஹ் தொழ வேண்டும், தூங்கவும் வேண்டும். முதல் ஆண்டில் ஏன் முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். நாள்பட்டு, வயிறு பழகி, ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்து, மருத்துவரும் அனுமதித்தால் நோற்கலாம். நோற்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அப்படி நோற்பவரின் இஃப்தார் நம்முடையதைப் போல இருக்க முடியாது. ஒரே ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீர். மக்ரிப் தொழுதுவிட்டு வந்து நோன்புக் கஞ்சி அரைக் கிண்ணம். நம் கஞ்சி குழைந்த உணவுதான், தொண்டையில் சிக்காது. ஆனால் அரிசி அதிகம், புரதம் குறைவு. பாசிப்பருப்பையும் கொத்துக்கறியையும் கூட்டி, அடியில் தேங்கும் கெட்டிப் பகுதியாக அவருக்கு எடுத்து வைக்கலாம். சமோசா, வடை, பஜ்ஜி வேண்டாம். மூன்று நான்கு பேரீச்சம்பழமும் ஒரு தம்ளர் சர்பத்தும் குடித்துவிட்டுப் போனால், நாம் மேலே சொன்ன பிந்திய வகைத் தாழ்சர்க்கரை சரியாகத் தராவீஹ் நேரத்தில் வந்து நிற்கும். இரவு சாப்பாடு, சஹர் இரண்டிலும் முட்டை, மீன், தயிர் போன்றவை முதலில். சத்து மாத்திரைகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் பிரித்துக்கொள்ளலாம். பகலில் நடுக்கமோ மயக்கமோ வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது.

பெண்களுக்குச் சில வார்த்தைகள்

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். அதற்கு எண்ணெய் மாற்றிப் பயனில்லை. புரதமும் இரும்பும்தான் மருந்து.

நீர்க்கட்டிப் பிரச்சினையால் வருடக்கணக்கில் குழந்தை இல்லாமல் இருந்தவர்களுக்கு எடை குறைந்ததும் சட்டென்று கரு தரிப்பதுண்டு. நல்ல செய்திதான், ஆனால் நேரம் முக்கியம். 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வது, எடை வேகமாகக் குறையும் காலத்தில் குழந்தைக்குச் சத்துப் போதாது என்பதால். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு வழியை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரைப் பரிசோதனை செய்வது வழக்கம். அறுவை செய்துகொண்டவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் ஒரே மூச்சில் போனால் டம்பிங் வந்துவிடலாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டில் குளுக்கோமீட்டர் கொண்டு பார்ப்பது போன்ற மாற்று வழியைச் செய்வார்கள்.

மாமியார் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கம் பெண்களுக்குத்தான் அதிகம். 'பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது, எங்க சமையல் பிடிக்கலை போல' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. கணவர் முன்வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும்.

விடுமுறையில் வந்து செய்துகொள்பவர்கள்

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, முதல் வாரத்தில் அறுவை, கடைசி வாரத்தில் திரும்பப் பயணம் என்று திட்டமிடும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். அறுவைக்குப் பிறகான வாரங்களில் நீண்ட நேரம் விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. கூழிலிருந்து குழைந்த உணவுக்கு மாறும் மென்மையான காலத்தில், ஆறு பேர் தங்கும் அறையில், முறை வைத்துச் சமைக்கும் மெஸ் சாப்பாட்டை நம்பி இருக்க வேண்டும். வெயிலில் வேலை என்றால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க இடைவேளை கிடைக்காது. மூன்று மாத விடுப்பு கிடைக்கும்போது செய்துகொள்வது, அல்லது வேலை செய்யும் நாட்டிலேயே தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரை முன்கூட்டியே பேசி வைப்பது, இரண்டில் ஒன்று வேண்டும். அறுவைக் குறிப்பின் நகலை ஆங்கிலத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை அறுவை, எந்தத் தேதி என்ற இரண்டும் தெரியாமல் வெளிநாட்டு மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எடை திரும்பினால்

ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் எடை குறைவது நிற்கும். பிறகு சில கிலோ கூடுவது எல்லோருக்கும் நடக்கும், பதற வேண்டாம். அதிகம் கூடினால் காரணம் பெரும்பாலும் பந்தியில் இல்லை. மிக்சர், பிஸ்கட், மணிக்கொரு டீ, ஐஸ்கிரீம் என்று வழுக்கிக்கொண்டு போகிற தீனி சின்ன வயிற்றையும் ஏமாற்றிவிடும். நடையும் வேண்டும். உய்யக்கொண்டான் கரையோ, ஸ்ரீரங்கத்தின் அகன்ற வீதிகளோ, காஜாமலைப் பக்கமோ, ஃபஜ்ர் தொழுத கையோடு அரை மணி நேரம் நடந்தால் போதும். தசையைக் காக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் நல்லது. ஆனால் வயிற்றுத் தையல் ஆறும்வரை, முதல் ஒன்றரை மாதம், கனமானது எதையும் தூக்கக் கூடாது.

மனசு விஷயம் கொஞ்சம் நுட்பமானது. கவலை வந்தால் சாப்பிட்டே ஆறுதல் அடைந்து பழகியவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சிலர் எரிச்சலும் மன அழுத்தமுமாக மாறுகிறார்கள். மேலைநாடுகளில் இந்தக் கட்டத்தில் மதுவில் விழுபவர்கள் இருக்கிறார்கள். அறுவைக்குப் பின் அது பல மடங்கு வேகமாக ஏறுவதால் அங்கே அது தனிப் பிரச்சினை. நம்மவர்களிடம் அது புகையாகவோ, ஓயாத ஷாப்பிங்காகவோ, வாய் திறக்காத மௌனமாகவோ வருகிறது. தோல் தொங்குவதைப் பார்த்து அழுபவர்களும் உண்டு. மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வு, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடக் குறைவாக இறந்ததைக் காட்டியது. புள்ளிவிவரத்தை விடுங்கள். பல வருடம் பள்ளியின் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதவர், ஒரு ஜும்ஆவில் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு ஸஃப்பில் நின்று நெற்றியைத் தரையில் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை எதற்கு என்பது புரியும்.

அறுவைக்குப் பிறகு மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், அதன்பின் வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல். திருச்சியின் பெரிய ஆய்வகங்கள் எதிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒரு சிறு சீட்டு இருக்கட்டும். அறுவையின் வகை, தேதி, செய்த மருத்துவரின் எண், 'வலி மாத்திரை கூடாது', 'குளுக்கோஸுக்கு முன் தயமின்'. அதன் நகல் ஒன்றை வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பந்தியில் அவர் இரண்டு துண்டோடு எழுந்தால், கறியை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள், நாலு வேளைக்குப் பிரித்துச் சாப்பிட்டுக்கொள்வார்.